ஓவர்காம்ப் வீட்டுப் பிள்ளைகள் அறை

பிரபாலினியின் வீட்டில் இப்போது மார்கழியிலும் ஜன்னல் திறந்துதான் இருக்கும். போகிறவர்கள் கோட்டைக் கழற்றுவதில்லை. ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி இரண்டு வாய் குடிப்பதற்குள் ஆறிவிடும். ஆனாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காரணம் எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத்தான் இது.

ஜேர்மனியில் எசன் நகரத்துக்குத் தெற்கே, ரூர் ஆறு வளைந்து போகிற இடத்தில் இருக்கிறது அந்தப் பழைய நெசவு ஊர். அங்கே ஓவர்காம்ப் வீடு என்றால் ஒரே ஒரு வீடுதான். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன், துணி வாங்கி விற்றுப் பணக்காரரான ஒரு குடும்பம் கட்டியது. தெருவைப் பார்த்த முகப்பு அரண்மனை மாதிரி இருக்கும். சாந்தில் வார்த்த தூண்கள், ஜன்னலுக்கு மேலே சிங்க முகங்கள், முதல் மாடியில் தெருவுக்கு மேலாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடி மாடம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் செங்கல். காசு தெரிய வேண்டிய பக்கத்தில்தான் காசைப் போட்டிருக்கிறார்கள். கீழே துணிக் கிடங்கும் அலுவலகமும். குதிரை வண்டி நேரே உள்ளே போகிற அளவுக்கு அகலமான வாசல். முதல் மாடியில் விருந்தாளிகளுக்கான கூடங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் சாந்து ரோசாப்பூக்கள். இரண்டாம் மாடியில் படுக்கையறைகள், வடக்கு மூலையில் பிள்ளைகள் அறை. வேலைக்காரர் படுப்பது கூரைக்கடியில். அவர்கள் எசமானின் கண்ணில் படாமல் ஏறி இறங்க, சுவருக்குள் ஒளித்து வைத்த மாதிரி ஓர் ஒடுங்கிய மரப்படி.

இப்போது கீழே ஒரு பல் வைத்தியர், முதல் மாடியில் ஒரு வழக்கறிஞர், இரண்டாம் மாடியில் பிரபாலினி. வீட்டின் சொந்தக்காரர், குடும்பத்தின் கடைசி ஓவர்காம்ப், ஹம்பர்க்கில் இருக்கிறார். படி துடைப்பது, வாசலில் பனி வழிப்பது, ஹீட்டர் நின்றால் ஆள் கூப்பிடுவது எல்லாம் அவளுடைய பொறுப்பு. காலையில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நாற்பத்தேழு வயது. கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாள். அது முழுப் பொய்யும் இல்லை. அம்மா போனபோது தங்கை கம்சனா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளைப் படிப்பித்து, கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்த்து, லக்ஸனுக்குக் கட்டிக் கொடுத்து நிமிர்ந்தபோது தலையில் நரை வந்துவிட்டது.

வீட்டைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமை. புதிதாக வருகிறவர்களைப் பெரிய படியால் ஏற்றிக்கொண்டு வருவாள். அந்தப் படிச் சுவரில் இரண்டு பழைய படங்கள் தொங்குகின்றன. இரண்டிலும் அதே வாசல், அதே தாடிவைத்த வியாபாரி, அதே மனைவி, சுற்றிவரப் பிள்ளைகள். கிழமைக்கொருமுறை தூசு தட்டுகிற படங்கள். உற்றுப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை.

ஐப்பசிக் கடைசியில் கம்சனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யதுசா என்று பெயர் வைத்தார்கள். டோர்ட்மண்டில் அவர்கள் இருப்பது நாலாம் மாடியில் சின்ன வீடு, மாமியார் கனடாவில். "பிள்ளை பெத்த துடக்குக் கழியும்மட்டும் என்னட்டை இருக்கட்டும்" என்று பிரபாலினி சொல்லிவிட்டாள். கம்சனா பிறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அம்மாவுக்குப் பத்தியம் பார்த்த பெரியம்மாவுக்கு இலை முறித்துக் கொடுத்து, சரக்கு இடித்துக் கொடுத்து, எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் விடுமுறை எடுத்தாள். டோர்ட்மண்ட் தமிழ்க் கடையில் குளிப்புக்குக் காய்ந்த பாவட்டை இலை, பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள், உறைந்த பால்சுறா எல்லாம் வாங்கி அடுக்கினாள்.

பிள்ளைகள் அறையை அதற்கென்று ஒழித்தாள். அதுவரை அது சாமான் போடுகிற அறை. சமையலறைக்குப் பக்கம், தெருச் சத்தம் கேட்காது. ஆனால் வடக்கு மூலை, குளிர். இரட்டைக் கண்ணாடி போட்ட பழைய ஜன்னல். இடுக்கால் காற்று வரும். பிரபாலினி போர்வையைக் கிழித்து இடுக்கில் திணித்து, மேலே அகலமான நாடாவை ஒட்டினாள். மின்சார ஹீட்டர் ஒன்றும் வாங்கி வைத்தாள். குளியலறைக்கு நீளமான நடையைக் கடக்க வேண்டும். பச்சை உடம்புக்காரியை அந்தக் குளிரில் நடத்த ஏலாது என்று, அறைக்குள்ளேயே பெரிய பேசினை வைத்து, இலை அவித்த தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து குளிப்பாட்டினாள். பிறகு சாம்பிராணி. குழந்தைக்கும் அதே அறையில் வெந்நீர், அதே புகை. அறை அடைகாக்கிற கூடை மாதிரி இருந்தது.

"அக்கா, ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கோ. மூச்சு முட்டுது."

"இப்ப முட்டினால் பரவாயில்லை. நாரி எலும்புக்குள்ளை குளிர் இறங்கினால் என்ரை வயசிலை தெரியும் உனக்கு."

மருத்துவிச்சி வந்து பார்த்தாள். இந்த நாட்டில் பிள்ளை பெற்றவளை வீடு தேடி வந்து பார்ப்பார்கள். நல்ல பெண். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்ற வேண்டும் என்றாள். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்து என்ன மீன் என்று கேட்டாள். பால் சுரக்கச் சுறா வறை என்று பிரபாலினி சொன்னதும், அந்த மீனில் பாதரசம் கூட, பால் கொடுக்கிறவளுக்குக் கூடாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிரபாலினியைப் பயப்படுத்தியது அந்தச் சிரிப்புத்தான். பிள்ளைகள் நலன் பார்க்கிற அலுவலகமான யூகன்ட்அம்ட்டைப் பற்றித் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பெண்கள் குசுகுசுப்பதைக் கேட்டிருக்கிறாள். யாரோ ஒரு குடும்பத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று சொன்னவர்களுக்கும் தெரியாது. தெரியாததால் பயம் குறையவில்லை, கூடியது. அதன் பிறகு மருத்துவிச்சி வருகிற நாளில் நாடாவை உரித்து ஜன்னலைத் திறந்து வைப்பாள். சுறாச் சட்டி மரப்படி இருட்டுக்குள் போய்விடும். அவள் தெருமுனை திரும்பியதும் எல்லாம் பழையபடி.

பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை போல, ஒரு காலையில் குளித்து முடிந்து தலை துவட்டிக்கொண்டிருந்த கம்சனா சொன்னாள்: "அக்கா, சுவர் வேர்க்குது."

பார்த்தால், உண்மையாகவே நீர் முத்து முத்தாக நின்றது. கட்டில் தலைப்பக்கத்தில் சுவர்த்தாள் புடைத்திருந்தது. பிரபாலினி துணியால் ஒற்றினாள். ஒற்றிய கையோடு, ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ தலைமுறை ஒட்டிய தாள்கள் ஈரப் புடவை போல ஒரே பாளமாகக் கழன்று கட்டிலுக்குப் பின்னால் விழுந்தன. அதற்கடியில், சுவரோடு ஒட்டியபடி ஒரு பச்சைத் தாள். நேற்றுத்தான் பூசியது போன்ற பச்சை. இலைகளும், இலைகளுக்கு நடுவே அலகில் பழத்தோடு சின்னச் சின்னக் குருவிகளும்.

கம்சனா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். போனில் படம் எடுத்து லக்ஸனுக்கு அனுப்பினாள்.

"இவ்வளவு வடிவான சுவரை ஏன் அக்கா மூடினவை?" என்று கேட்டாள்.

பழைய வீட்டில் இப்படி எதுவும் வெளியே வந்தால் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாள். அடுத்த நாளே அவர் ஒரு பெண்ணை அனுப்பினார். பழைய கட்டடங்களின் சுவரும் சாந்தும் பார்த்துத் திருத்துகிறவர், லிண்டெமான் என்று பெயர். படியேறும்போது சிங்க முகங்களைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டு வந்தவர், அறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. கழுத்துத் துணியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, இங்கே யார் படுக்கிறார்கள் என்று கேட்டார். கட்டிலில் குழந்தை நித்திரை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே வெளியே வாருங்கள், போர்வை வேண்டாம், ஒன்றும் எடுக்க வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவில்லை.

சமையலறையில் இருத்தி விளக்கினார். அந்தக் காலத்தில் இந்தப் பச்சைக்கு ஆர்சனிக் சேர்ப்பார்கள். ஊரில் பாஷாணம் என்று சொல்வதுதான் என்று பிரபாலினிக்கு விளங்கியது. காய்ந்து மூடிக் கிடந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. உதிர்ந்தால் தூசு. ஈரமும் சூடும் பூஞ்சணமும் சேர்ந்தால் அதிலிருந்து ஒரு வாயுவும் கிளம்பலாம். அதற்குச் சிலவேளை உள்ளிப்பூண்டு மணம் இருக்கும், ஏதாவது மணந்ததா என்று கேட்டார்.

பிரபாலினி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சரக்குக்கறிக்கு உரித்த உள்ளி ஒரு கோப்பை நிறைய இருந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து அந்த மாடி முழுக்க உள்ளி மணம்தான். எது கறியின் மணம், எது சுவரின் மணம் என்று இனி யாரிடம் கேட்பது?

அன்றைக்கே நகரத்தில் ஒரு வைத்தியர் நேரம் கொடுத்தார். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். குழந்தைக்குச் சிறுநீர் பிடிக்கச் சின்னப் பையை ஒட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். கிடைத்தது பரிசோதனைக்குப் போதவில்லை. குழந்தையின் உள்ளங்காலில் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. எல்லாப் பச்சைப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று பிரபாலினியே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். இப்போது அதுவும் பாஷாணத்தால்தானோ என்று திரும்பத் திரும்பக் காலைத் தடவிப் பார்த்தாள்.

வைத்தியர் கம்சனாவைப் பார்த்து, கடைசிச் சில நாட்களில் மீன், கடலுணவு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். கம்சனா வாயெடுக்க முதல் பிரபாலினி சொன்னாள்: "இல்லை. ஒண்டுமில்லை." டொச் மொழியில், தெளிவாக. மருத்துவிச்சியின் சிரிப்புத்தான் அந்த நேரம் கண்ணுக்குள் வந்தது. ஜன்னலை அடைத்தவள், நஞ்சுச் சுவருக்குள் பிள்ளையைக் கிடத்தியவள், வேண்டாமென்ற மீனைச் சமைத்தவள். மூன்றையும் சேர்த்து ஒரு ஆள் கேட்டால், பிள்ளையைக் கொண்டுபோக அது போதாதா? கம்சனா திரும்பி அக்காவைப் பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையின் காலுறையை மாட்டினாள்.

அறையைப் பூட்டிக் கதவிடுக்குக்கு நாடா ஒட்டினார்கள். கம்சனாவையும் பிள்ளையையும் லக்ஸன் டோர்ட்மண்டுக்குக் கூட்டிப் போனான். பிரபாலினி அந்த மாடியில் தனியே கிடந்தாள். சமைக்காமல் இருக்க முடியவில்லை. காலையில் சமைத்து, சூடு ஆறாமல் துணியில் சுற்றி, ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். சுறா வறையை நிறுத்தவில்லை. பால் வேண்டுமே.

முடிவு வந்தபோது கம்சனா போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். கம்சனாவுக்கு ஆர்சனிக் இருக்க வேண்டிய அளவைவிடப் பலமடங்கு கூட என்றது மறுபக்கம். எந்தவகை ஆர்சனிக் என்று பிரித்துப் பார்க்க அனுப்புவார்களாம், அதற்கு நாள் எடுக்குமாம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். விஷயம் தெளியும்வரை தாய்ப்பால் கொடுக்காமல் இருப்பது நல்லது. சுரப்பு நிற்காமல் இருக்கப் பம்பால் எடுத்து ஊற்றிவிடுங்கள்.

பம்பால் எடுத்து ஊற்றுவது. கம்சனா சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்று ஊற்றுவதைப் பிரபாலினி ஒரு முறைதான் பார்த்தாள். அடுத்த அறையில் போத்தல் காம்பை நாக்கால் தள்ளிக்கொண்டு குழந்தை கத்தியது. லக்ஸன் அதைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தான். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள், பெரிய படியில் ஏறும்போது அந்தப் படங்களின் முன்னால் நின்றாள். முதற் படத்தில் பிள்ளைகள் ஐந்து பேர். அடுத்ததில் வியாபாரியின் தாடி கொஞ்சம் நரைத்திருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் மூன்று பேர். திரும்ப எண்ணினாள். கடைசி இரண்டும் இல்லை. முதற் படத்தில் மடியில் இருந்தது ஒன்று, தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது மற்றது.

லிண்டெமான் அப்போது தினமும் வந்தார். வெள்ளை உடுப்பும் மூஞ்சி மூடியும் போட்டு அந்த அறைக்குள் போய் மாதிரி எடுப்பார். அவரிடம் கேட்டாள். அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் வந்து வீடு வீடாகப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள், இதுதான் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது என்றார் அவர். பிறகு யோசித்து, பச்சைத் தாள் புதிதாக இருக்கும்போதே மேலே வேறு தாள் ஒட்டியிருக்கிறார்கள், உரிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள் என்றார். உரித்தால் தூசு பறக்கும் என்று தெரிந்திருக்கலாம். ஒட்டுகிறவனின் சோம்பலாகவும் இருக்கலாம். படத்தில் இருந்த அந்தத் தாய்க்கு ஏதோ தெரிந்துதான் மூடினாள் என்று பிரபாலினி நினைத்தாள். தெரிந்ததை யாருக்கும் சொல்லாமல் மூடினாள்.

அன்று மத்தியானம் லிண்டெமான் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் குந்தியிருந்து பாண் சாப்பிட்டார். பிரபாலினி தேத்தண்ணி கொடுத்தாள். தங்கையின் அளவு எவ்வளவு என்று கேட்டவர், கேட்டதும் புருவத்தைச் சுருக்கினார். இவ்வளவு கூட என்றால் ஆளுக்கு ஏதாவது செய்திருக்குமே, தங்கை நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார். தனக்கும் இந்த வேலையில் அடிக்கடி பரிசோதனை உண்டு. போவதற்கு முதல் மீன் பக்கமே போகக்கூடாது. கடல் மீனிலும் ஆர்சனிக் இருக்கிறது; அது வேறு மாதிரி, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கணக்கை ஏற்றிவிடும். ஒரு முறை நண்டு தின்றுவிட்டுப் போய், தான் செத்தேன் என்று நினைத்து அழுததைச் சொல்லிச் சிரித்தார்.

பிரபாலினியால் சிரிக்க முடியவில்லை. உள்ளே அடுப்பில் அடுத்த நாளைக்கான சுறா அவிந்துகொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்தாள். சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம். பிரித்துப் பார்க்கிறவர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அதற்குள் எத்தனை முறை அந்தத் தொட்டியில் பால் போகும்? சொன்னால், பொய்யும் சேர்ந்து குற்றம் நாலாகிவிடும். போனை எடுத்தாள்.

"கம்சனா, நான் அண்டைக்கு டொக்டரிட்டை மீன் இல்லை எண்டு சொன்னனான்."

"ஓம். பக்கத்திலைதானே இருந்தனான்."

"நீ ஏன் அப்ப ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் எண்டு நினைச்சன். சின்னனிலையிருந்து அப்பிடித்தானே."

மீனைப் பற்றி லிண்டெமான் சொன்னதைப் பிரபாலினி ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"அப்ப நான் ஊத்தின பால், அக்கா?"

"பிள்ளையைக் கொண்டு போயிடுவினம் எண்டு பயந்திட்டன், கம்சி."

"ஒருத்தரும் வந்து கொண்டு போகேல்லையே. நாங்கள்தானே நிண்டு ஊத்தினம்."

அடுத்த நாள் மூன்று பேரும் பிள்ளையோடு வைத்தியரிடம் போனார்கள். ரயிலில் கம்சனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லக்ஸன்தான் பொறுக்காமல், "கடைசியிலை அந்தச் சுறா உங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லிப்போட்டுது அக்கா" என்றான். கம்சனாவுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் போய் அழுகை வந்தது. பிரபாலினி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். கம்சனா வாங்கிக்கொண்டாள். அந்தளவுதான்.

வைத்தியரிடம் பிரபாலினியே சொன்னாள். மீனையும் சொன்னாள், ஜன்னலையும் சொன்னாள், மரப்படி இருட்டுக்குள் ஒளித்த சட்டியையும் சொன்னாள். அவர், கம்சனா கடைசியாகச் சுறா சாப்பிட்டது எப்போது என்று மட்டும் கேட்டார். நேற்று என்றாள். வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். இனிக் கொஞ்ச நாளைக்குக் கடலில் இருந்து எதுவும் வேண்டாம், பிறகு திரும்பவும் எடுப்போம் என்றார். எழும்பும்போது, இதை யூகன்ட்அம்ட்டுக்கு அறிவிப்பீர்களா என்று பிரபாலினி கேட்டாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பிள்ளைக்காக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள், நான் என்னத்தை அறிவிக்க என்று கேட்டுவிட்டு, குழந்தையின் பையை ஒட்டத் தாதியைக் கூப்பிட்டார்.

இந்த முறை காத்திருந்த நாட்களில் பிரபாலினி கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சமைத்துக் கொண்டுபோனாள். படியேறி இறங்கும்போது படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

திரும்ப எடுத்த முடிவில் கம்சனாவுக்கு, சாதாரண ஆட்களுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கூட. தானாகக் குறையும் என்றார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அன்று பின்னேரமே கம்சனா பிள்ளையை மார்பில் போட்டாள். போத்தலில் பழகிய வாய் முதலில் பிடிக்கவில்லை. பிடித்தபோது பால் பாதிதான் இருந்தது. மீதியைப் பால்மாவால்தான் நிரப்பினார்கள், இப்போதும் அப்படித்தான். அதைப் பற்றிக் கம்சனா ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று பிரபாலினிக்குத் தோன்றும்.

பிள்ளைகள் அறையைச் சுத்தப்படுத்தப் பாதுகாப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் வந்தார்கள். சுவரை உரித்துப் பைகளில் கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் ஹம்பர்க்கில் இருக்கிற ஓவர்காம்புக்கு முழுதாக விட மனமில்லை. கதவளவு துண்டு ஒன்றை அப்படியே வைத்து, மேலே கனமான கண்ணாடி போட்டு, சுற்றிவர அடைத்துவிட்டார்கள். புரட்டாதியில் பழைய கட்டடங்களைத் திறந்துவிடுகிற நாளில் சனம் வந்து பார்த்தது. படம் எடுத்தது. இவ்வளவு அழகை ஏன் மூடினார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்று பிரபாலினி சொன்னாள்.

அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் அவள் வேலைதான். வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவாள், துடைப்பாள், வெளியே வந்துதான் விடுவாள். கண்ணாடி அடைத்திருக்கிறது, ஒன்றும் வராது என்று லிண்டெமான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். ஓம், தெரியும் என்பாள். யதுசாவுக்குத் தும்மல் வந்தாலும், வயிற்றால் போனாலும், பல் முளைக்கக் காய்ச்சல் அடித்தாலும், டோர்ட்மண்டிலிருந்து போன் வந்தால் அவளுக்கு முதலில் கண்ணில் தெரிவது அந்தப் பச்சைதான்.

போன மாதம் கம்சனா பிள்ளையோடு வந்திருந்தாள். தவழ்ந்துபோய்ப் பிடித்து எழும்புகிற வயது. பெரியவர்கள் சமையலறையில் கதைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை நடைவழியே போய்விட்டது. பிரபாலினி ஓடினாள். அறைக் கதவு காற்று மாற்றத் திறந்திருந்தது. அவள்தான் திறந்து வைத்திருந்தாள். குழந்தை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, குருவிகளைப் பார்த்துக் கையால் அடித்து அடித்துச் சிரித்தது.

தூக்கிக்கொண்டு வந்து குழாயடியில் நிறுத்தி, சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் கழுவினாள்.

"கண்ணாடிக்கு வெளியிலைதானே அக்கா தொட்டவள்" என்றாள் பின்னால் வந்து நின்ற கம்சனா.

"தெரியும்" என்று பிரபாலினி சொன்னாள். சொல்லிவிட்டு, விரல்களைப் பிரித்து, இடுக்கெல்லாம் விட்டு, இன்னொருதரம் கழுவினாள்.